பான்கேக் பாயும் பரங்கிக்காயும்

திருச்சியில் இலையுதிர் காலம் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் பான்கேக் பாய்தான். எங்கள் ஊருக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், கடும் வெயில், அதற்கப்புறம் ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் வெயில். நடுவில் நாலு நாள் மழை பெய்தால் சாக்கடை பொங்கும். பாய் இதையெல்லாம் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி விடிந்தால் அவருக்கு இலையுதிர் காலம். அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், அவர் வீட்டு மாடியில் ஆறு வருஷம் குடியிருந்தேன். வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்தாறு வருஷம் காலை உணவு மட்டுமே சமைத்துவிட்டு ஊர் திரும்பியவர். குளிர்நாட்டு விருந்தாளிகளுக்காக அக்டோபர் பிறந்ததும் ஹோட்டல்காரர்கள் சுவரெல்லாம் ஆரஞ்சு நிறக் காகித இலைகளை ஒட்டுவார்களாம். பரங்கிக்காய் பான்கேக் போடச் சொல்வார்களாம். வெளியே மணல் கொதிக்க, உள்ளே ஏசியில் காகித இலையைப் பார்த்தே பாய் இலையுதிர் காலத்தைக் கற்றுக்கொண்டார். பாலைவனத்துக்கே வருகிற காலம் திருச்சிக்கு வராதா என்பது அவர் கட்சி.

நான் குடிவந்த வருஷம், அக்டோபர் ஒன்றாம் தேதி காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார். கரண்ட் இல்லை. என் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. "குளிர் ஆரம்பிச்சுடுச்சு சார், சூடா சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினார். மஞ்சளும் சிவப்புமாக மூன்று பான்கேக்குகள், மேலே வெல்லப்பாகு. சுக்கும் ஜாதிக்காயும் மணந்தன. நன்றாகவே இருந்தது. அதை அவரிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

பாய்க்குச் சாப்பிட வைப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பதில்தான் வெறி. பரங்கிக்காயை ஆவியில் வேகவைத்து மசித்து, மெல்லிய துணியில் கட்டி, ஆணியில் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தாக வேண்டும். கல்லில் மாவை ஊற்றினால் குமிழி வந்து உடையும்வரை கை வைக்கக் கூடாது. திருப்புவது ஒரே ஒரு தரம். இதை என்னை மூன்று முறை எழுதவைத்து, நாலாம் முறை பார்க்காமல் ஒப்பிக்கச் சொன்னார். சந்தில் இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும். கரண்ட் ரீடிங் எடுக்க வந்த அம்மாள் ஒருத்தியால், அளவுகளைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் மீட்டரையே பார்க்க முடிந்தது. டீக்கடை பரோட்டா மாஸ்டர் கற்றுக்கொண்டு, பழக்கதோஷத்தில் பான்கேக்குகளை அடுக்கி இரண்டு கையாலும் அடித்துவிட்டார். ஒரு மாதம் பாய் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை.

சொந்த வீட்டில்தான் அவர் பாச்சா பலிக்கவில்லை. ஹோட்டலில் 412ஆம் அறைக் கிழவிக்கு இனிப்பு கூடாது, 607ஆம் அறைப் பிள்ளைக்குக் கார்ட்டூன் எலியின் காது மாதிரி சுட வேண்டும் என்றெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தார். தன் ஒரே மகள் ஷமீமாவுக்குப் பரங்கிக்காயே ஆகாது என்பது ஊர் திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் அவர் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் வர்ற மனுசன்கிட்ட என்னத்த சொல்றது?" என்றார். பாய் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஷமீமாவுக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தபோது பாய் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை உள்ளூரில் இருக்க வேண்டும், தினமும் காலையில் வீட்டில் பசியாற வேண்டும். மற்ற அப்பாக்கள் விசா இருக்கிறதா என்று கேட்கிற ஊரில், பாஸ்போர்ட் இருக்கிறது என்பதற்காகவே வரனைத் திருப்பி அனுப்பியவர் பாய் ஒருவர்தான். தரகர் பெருமையாக, "பத்து வருசத்துக்கு செல்லும் பாய்" என்றார். "அப்ப வேணாம்" என்று பாய் எழுந்துவிட்டார். தரகர் அடுத்த தடவை வரும்போது ஜாதகம் தொலைந்த ஜோசியர் மாதிரி இருந்தார்.

கடைசியில் கிடைத்தவர் பெரிய கடைவீதியில் ஸ்கூல் பை விற்கிற பையன். பாஸ்போர்ட் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை பசியாற வந்தார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா, வட்டலப்பம் என்று பெண்கள் பரப்பியிருந்ததன் நடுவே பாய் தன் தட்டைக் கொண்டுபோய் வைத்தார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை பாயாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஏழு பான்கேக் சாப்பிட்டார். அன்று பாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் சுட, மருமகன் சாப்பிட்டார். இனிப்பு போதுமா, தீ போதுமா என்று பாய் அவரிடம் மட்டும் பணிவாகக் கேட்பார்.

இரண்டு வருஷத்தில் பைக்கடை படுத்துவிட்டது. ஜனங்கள் போனிலேயே பை வாங்க ஆரம்பித்திருந்தார்கள். ஷமீமா ஐந்து மாதம். அந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு, நானும் பந்தியில் இருந்தேன். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே, "அளவெல்லாம் சரியா சொல்லுங்க மாமா. அடுத்த வாரம் மெட்ராஸ்ல கல்ஃப் ஹோட்டலுக்கு இன்டர்வியூ. பிரேக்பாஸ்ட் செக்சனாம், செஞ்சு காட்டச் சொல்வாங்களாம்" என்றார். பாஸ்போர்ட் எடுத்ததையும் அப்போதுதான் சொன்னார்.

பாய் அடுப்பை அணைத்தார். கல்லில் பாதி வெந்த பான்கேக் அப்படியே கிடந்தது.

"மறந்துபோச்சு மாப்ளே" என்றார்.

இஸ்திரிக்காரர் வரைக்கும் பாடம் எடுத்த மனுஷருக்கு மருமகன் கேட்டதும் மறந்துவிட்டது. மாப்பிள்ளை அன்று மத்தியானமே மாடியேறி என்னிடம் வந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு ஆள் பவ்யமாகக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. தாளைக்கூடப் பார்க்காமல், துணியில் கட்டுவதிலிருந்து ஒரு தரம் திருப்புவது வரை கடகடவென்று ஒப்பித்தேன். அவர் போனில் பதிவு செய்துகொண்டார். நான் இல்லாவிட்டாலும் நெட்டில் ஆயிரம் கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது.

அவர் விமானம் ஏறிய மறுநாள் பாய் மாடிக்கு வந்தார்.

"நீங்க சொன்னீங்களா சார்?"

"ஆமா பாய்."

"துணியில கட்டித் தொங்கவிடணும்னு?"

"சொன்னேன்."

"எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை. படியிறங்கிப் போனவர் அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. ஷமீமாதான் ஒருநாள் படியில் நிறுத்தி, "நீங்க சொல்லாட்டியும் அவர் போயிருப்பார் சார். ஆனா நீங்க சொல்லியிருக்க வேணாம்" என்றாள். அம்மா வாழ்ந்த வாழ்க்கை மகளுக்கு வந்து சேர்ந்ததில் என் பங்கு எவ்வளவு என்று அந்த இரண்டு வாக்கியம் சரியாகச் சொல்லிவிட்டது.

அந்த மாடியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு அக்டோபர் போயிற்று. பாய் அடுப்புப் பக்கமே போவதில்லை, வெறும் பன்னும் டீயும்தான் அவருடைய காலைச் சாப்பாடு என்று டீக்கடை மாஸ்டர் போனில் சொன்னார். 

போன ஞாயிறு விடிகாலை எழுந்து நானே பரங்கிக்காயை வேகவைத்தேன். துணியில் கட்டித் தொங்கவிட்டேன். முதல் மூன்று கருகின, நாலாவது கல்லோடு ஒட்டிக்கொண்டது. தேறிய ஐந்தை டிபன் பாக்ஸில் போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரியைத் தாண்டி, பாய் வீட்டு வாசலில் போய் நின்றேன். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஷமீமா குழந்தைக்குப் போனில் அப்பாவைக் காட்டிக்கொண்டிருந்தாள். அது திரையை நக்கப் பார்த்தது.

பாய் என்னையும் பார்த்தார், பாக்ஸையும் பார்த்தார். கை நீட்டி வாங்கினார். ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். நான் செருப்போடு வாசலிலேயே நின்றேன்.

"முட்டை போடலையா?"

"வீட்டுக்காரர் முட்டைய உள்ள விடமாட்டார் பாய். அந்தக் கண்டிசன்லதான் வீடே குடுத்தாங்க."

இன்னொரு துண்டைப் பிய்த்தார். அதையும் மென்று முடித்தார்.

"அப்ப இங்க வந்து சுடுங்க" என்றார். "அடுப்பு சும்மாத்தானே கெடக்கு."

இந்த மனுஷரை என் மனசு எவ்வளவு தேடியிருக்கிறது என்பது செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கே தெரிந்தது.