யார் கொடுத்த மீன்?

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நான் ஊர்ச் சமாதானத்துக்காக உழைத்திருக்கிறேன். உழைத்தது எனக்கே தெரியாது என்பதும், மறுநாள் காலையிலேயே அதைக் கெடுத்தவனும் நான்தான் என்பதும் வேறு விஷயம்.

அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் களைத்துப்போய்க் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அப்பா ஆளுங்கட்சி. நில உச்சவரம்புச் சட்டத்துக்குக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கைதட்டியவர். அதே சட்டம் எங்கள் வயலுக்கு வந்து மூன்று மா நிலத்தை எடுத்துக்கொண்டதும் கைதட்டுவதை நிறுத்திவிட்டார். (கட்சியை விடவில்லை. கரைவேட்டி அரை டஜன் இருந்ததே!)

அந்த மூன்று மா, எங்கள் வயலில் அதுவரை கூலிக்கு வேலை பார்த்த காத்தமுத்துவுக்குப் போனது. அன்றிலிருந்து அப்பாவும் அவரும் பேசுவதில்லை. வரப்பில் எதிரெதிரே வந்தால் இருவரும் வானத்தைப் பார்ப்பார்கள், ஏதோ மழை இவர்களைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும் என்பதுபோல.

காத்தமுத்துவின் மகன் தங்கராசு என் பெஞ்சுக்காரன். என் கணக்கு நோட்டில் விடை அவனுடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது. "பள்ளிக்கூடத்துல ஒண்ணா உக்காருங்க, வேணாங்கல. ஏதாவது தகராறு வந்துச்சு, அன்னியோட சரி" என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே தகராறு வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை, வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடியில் மீன் புரள்வது தெரிந்தது.

"அணை கட்டி இறைச்சிடலாமாடா?" என்றேன்.

"முறைத் தண்ணி வந்துடும்டா. எங்க நாத்தங்காலுக்கு இந்த வாரம் உண்டு" என்றான் தங்கராசு. அவன் அப்பா சொந்த நிலத்தில் விட்டிருந்த முதல் நாற்று அது.

"திங்கக்கிழமைதான் வரும். எனக்குத் தெரியாதா?" என்றேன். (எனக்குத் தெரியாது. ஆனால் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வாய்க்கால் முறை தெரியவில்லை என்றால் என்ன மரியாதை?)

வீட்டிலிருந்து இரண்டு சாக்கைக் கொண்டுவந்தேன். சேறு நிரப்பி மேல்பக்கம் அடைத்தோம். கீழ்ப்பக்கம் மண்ணால் ஒரு கரை. நடுவில் நின்று தகர டின்னால் இறைத்தோம். மதியத்துக்குள் ஒரு பானை கெளுத்தி, மீசையும் முள்ளுமாக. கடைசி மீனை விட்டிருக்கலாம். வலது உள்ளங்கையால் அமுக்கினேன், முள்ளைச் சொருகிவிட்டது. நான் போட்ட கூச்சலில் கொக்குகள் கோடியக்கரைக்கே போயிருக்கும். பானையைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓடினோம். அணை அங்கேயே கிடந்தது.

மீனைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம். "ஏதுடா மீன்?" என்று அம்மா கேட்டதும், வாய்க்கால் என்று சொன்னால் அடி விழுமே என்று, "தங்கராசு அப்பா குடுத்தாங்க" என்றேன். கையில் அப்பியிருந்த சுண்ணாம்புக்குக் காரணம் 'காம்பஸ் குத்திடுச்சு'.

அப்பா இலையில் குழம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "காத்தமுத்துவா? பரவால்லயே, மனசுல ஒண்ணும் வச்சுக்கல" என்று இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீர் திங்கட்கிழமை வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. எங்கள் மூட்டையில் முட்டி, கரை தாண்டி, எங்கள் வயலுக்குள்ளேயே கொட்டியிருக்கிறது. ஞாயிறு காலை அப்பா பழைய சோற்றுக்கு அதே குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் காத்தமுத்துவும் இருபது பேரும் நின்றார்கள். இரண்டு பேர் கையில் சிவப்புக் கொடி.

"எங்க முறைத் தண்ணிய அடச்சிட்டீங்களே, இது ஞாயமா? வந்து பாருங்க" என்றார் காத்தமுத்து.

கை கழுவாமலே அப்பா கிளம்பினார். நானும் தங்கராசுவும் கூட்டத்துக்குப் பின்னால் போனோம். காத்தமுத்துவின் நாற்றங்கால் வெடித்திருந்தது, நாற்று நுனி சுருண்டிருந்தது. எங்கள் வயல் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு மூட்டை. எங்கள் வீட்டு நெல் சாக்குகளில் அப்பாவின் இனிஷியலை நீல மசியில் பெரிதாகப் போட்டிருப்போம். 'சு.வை.' என்ற எழுத்து, வாய்க்கால் நடுவே, கையெழுத்துப் போட்டதுபோல் மின்னியது.

அப்பா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை வானத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சொல்லுடா" என்று தங்கராசு என் இடுப்பில் இடித்தான்.

"நீ சொல்லு. உங்க அப்பா."

"உங்க சாக்கு."

"நாளைக்கு நீ வேற பெஞ்சுடா" என்றும் அவனே சொன்னான். அப்போதும் எனக்கு வீரம் வரவில்லை.

அப்பாவுக்குத்தான் திடீரென்று கோபம் வந்தது. "நேத்து மீனக் குடுத்தனுப்பிட்டு இன்னிக்கு ஆளக் கூட்டிட்டு வர்றியே காத்தமுத்து!"

"நான் குடுத்தனா? நீங்கதானே மீனு குடுத்தீங்க! அய்யா மனசு மாறிட்டாருன்னு ராத்திரி முச்சூடும் சொல்லிக்கிட்டிருந்தேன்!"

என் நண்பனும் அவன் வீட்டில் அதே பொய்யைத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருக்கிறான்!

இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, ஒரே நேரத்தில், எங்கள் பக்கம் திரும்பினார்கள். காத்தமுத்துவின் கண் என் கையில் நின்றது.

"கையில என்ன தம்பி?"

"கா... காம்பஸ் குத்திடுச்சுங்க."

வீங்கியிருந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காம்பசுக்கு மீசை இருந்துச்சா?"

முதலில் சிரித்தது கொடி பிடித்திருந்தவர். அப்புறம் கூட்டமே. அப்பா மட்டும் தன் விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

அடி உண்டு, அதை விவரிப்பானேன்? மூட்டையை எடுக்க அப்பாவே வாய்க்காலில் இறங்கினார். ஊறிய சாக்கு, அசையவில்லை. "காத்தமுத்து, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். கனத்தில் வாய் தவறியிருக்கலாம். ஆனால் அந்த 'ங்க'வை அப்புறம் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் வயலில் தேங்கிய தண்ணீரை நாற்றங்காலுக்கு நானும் தங்கராசுவும் அதே தகர டின்னால் சாயங்காலம்வரை இறைத்தோம். மூன்றாம் நாள் நாற்று நிமிர்ந்தது. எங்கள் முதுகு நிமிர ஒரு வாரம் ஆயிற்று. திங்கட்கிழமை அதே பெஞ்சில், குனிந்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

தங்கராசு பாசனப் பொறியாளராகி ஓய்வும் பெற்றுவிட்டான். (ஊர் ஊருக்குத் தண்ணீர் முறை வகுத்தவன். என்னிடம் ஒருமுறைகூட யோசனை கேட்டதில்லை.) இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் மீன் குழம்பு வைத்தால், முதல் கவளத்துக்கு முன் யாராவது "யார் குடுத்த மீனு?" என்று கேட்காமல் இருப்பதில்லை. "உங்க அப்பா குடுத்ததுதாண்ணே" என்பாள் என் மனைவி, தங்கராசுவிடம். பேரப்பிள்ளைகள்வரை சிரித்துவிட்டு என் உள்ளங்கையைத்தான் பார்ப்பார்கள்.

ஒளித்துக்கொள்ளவும் வழியில்லை. வலது கையாயிற்றே, சாப்பிட வேண்டாமா?