ஏலத்துக்குப் போன கம்பளிப் பிராணி

கையால் செய்த ஒரு பொருளைப் பார்த்து "ரொம்ப நல்லா இருக்கு" என்பவர்களை நம்பவே கூடாது. "இது என்ன?" என்று கேட்பவர்களை நம்பலாம். இந்த ஞானம் எனக்குக் கோச்சடையில், கல்யாணமான முதல் வருஷத்தில், தெருவே கூடி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடைத்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. இருந்தது என்றால், நாலு கம்பும் மேலே கீற்றும். அந்தக் கோடையில் அடித்த காற்றில் கீற்றெல்லாம் பறந்து பக்கத்து வயலில் போய் விழுந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கூரைக்கு ஷீட் போட்டாக வேண்டும். மாதர் சங்கத் தலைவி பங்கஜம் டீச்சர் வீட்டுக்கு ஒருத்தியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"கை வந்தவங்க ஏதாச்சும் செஞ்சு குடுங்க. கை வராதவங்க நூல், ஒயர், துணின்னு குடுங்க. எல்லாத்தையும் ஏலம் விட்டு ஷீட் போட்டுருவோம்."

நான் பேசாமல் நாலு நூல்கண்டு கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "நான் கைவேலை கிளாஸ் படிச்சவ டீச்சர், பெரிசாவே செஞ்சு தாரேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். (படித்தது நிஜம். ஆனால் நான் ஸ்வெட்டர் பாடத்துக்கு வருவதற்குள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். காலுறையோடு என் கல்வி நின்றுபோனது.)

ஒரு பத்திரிகையில் வெள்ளைவெளேர் என்று சடைநாய்க்குட்டி படம் பார்த்திருந்தேன். அதையே கம்பளி நூலில் பின்னுவது என்று முடிவு. உடம்பு முடியும்போது வெள்ளை நூல் தீர்ந்தது. கால்களைப் பழுப்பில் பின்னினேன். வாலுக்கு அதுவும் இல்லாமல், ரோஸ் கலரில் முடித்தேன். உள்ளே இலவம்பஞ்சு அடைத்தபோது வயிறு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, கழுத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் தலை எப்போதும் எதற்கோ வருத்தப்படுவதுபோல் தொங்கும். கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பேண்ட் பொத்தான். செய்து முடித்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நேர்மையான மனுஷி. "ஏடி தனம், ஆட்டுக்கா இம்புட்டு நீள வாலு?" என்று கேட்டாள். தெருவே பார்க்க ஒரு பொருளை ஏலத்தில் வைத்து ஒருத்தர்கூடக் கேட்கவில்லை என்றால் அப்புறம் அந்தத் தெருவில் எப்படிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவது?

இங்கே என் வீட்டு ஊமைச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்பா அம்மா கிடையாது. பிறந்த வீடு என்றால் சமயநல்லூரில் விவசாயம் பார்த்த என் அண்ணன் ஒருவர்தான். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு நாங்கள் போன அன்று, மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்க அவர் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. பட்டுவேட்டியும் பூந்திப் பொட்டலமுமாக என் வீட்டுக்காரர் வெயிலில் நின்றார். (நானும்தான் நின்றேன். என்னை யார் கணக்கில் சேர்த்தார்கள்.) வீட்டுக்கு நடந்துபோனால், மோட்டார் கிணற்றில் விழுந்துவிட்டது என்று அண்ணன் கிணற்றுக்குள் இருக்கிறார். சேறும் சகதியுமாக ஏறி வந்தவர், "வந்துட்டீங்களா" என்றார்.

"வாங்கன்னு ஒரு வார்த்தை வரல பாத்தியா உங்க அண்ணன் வாயில" என்றார் இவர். "கெணத்துக்குள்ள கெடந்தவன் எப்பிடித்தா பஸ் ஸ்டாப்புல நின்னு வாங்கங்கிறது? அதுக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டா நான் என்ன செய்ய?" என்றார் அவர். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஒரே பந்தியில் உட்கார்ந்தாலும் நான்தான் நடுவில் தபால்காரி. "உங்க அண்ணனுக்கு ரசம் ஊத்து" என்பார் இவர். "போதும்னு சொல்லுத்தா" என்பார் அவர். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வராது. இது இப்படியே முற்றிப்போனால் பிறந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது.

சரி, ஏலத்துக்கு வருகிறேன். யாரும் கேட்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் காப்பி கொடுக்கும்போதே இவரிடம் சொன்னேன்: "என்னங்க, என்னோடத எடுத்து வச்சதும் நீங்க கேளுங்க. வேற யாராச்சும் மேல கேட்டா விட்டுறாதீங்க. என் மானம் உங்க கையில."

மத்தியானம் அண்ணன் வந்தார், நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவரைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய் அதையே சொன்னேன்: "அண்ணே, நீ கேளு. யாரு மேல கேட்டாலும் விட்றாத. என் மானம் உன் கையில."

ஒருவருக்குச் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பேரைக் கேட்டாலே இருவருக்கும் முகம் சுண்டிவிடும். அவர் கேட்கிறார் என்றால் இவர் வரவே மாட்டார். கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்தேன் என்று அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு எண்ணம்.

ஏலம் கூறியவர் எங்கள் தெரு சோணை அண்ணே. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுவதுதான் அவர் தொழில், அதனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே வாழைத்தார். பங்கஜம் டீச்சர் பூவேலை செய்த தலையணை உறையைத் தூக்கிப் பிடித்து, "நல்லா வெளஞ்ச சரக்கு, அடிபடல, வெயில் படல" என்றார். பாசிமணிக் கிளியைக் கையில் வைத்து எடை பார்த்தார். ஆரம்பத்திலேயே மண்டிச் சட்டத்தையும் சொல்லிவிட்டார்: "கையத் தூக்குனா கேட்டதா அர்த்தம். பெறகு பேச்சு மாறக்கூடாது, சாமி."

என் முறை வந்தது. சோணை அண்ணே அதைப் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். "இது வந்து..." என்று இழுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தனம் செஞ்ச கம்பளிப் பிராணி" என்றார் டீச்சர். படித்த பெண்மணி.

கூட்டத்தில் யாரோ களுக் என்று சிரித்தார்கள். அதற்குள் ஆண்கள் வரிசையின் இந்தக் கோடியில் இவர் கையைத் தூக்கினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அந்தக் கோடியில் அண்ணன் கையைத் தூக்கினார். இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மச்சான் முன்னால் மாப்பிள்ளை கையை இறக்குவாரா? மாப்பிள்ளைக்காக மச்சான்தான் இறக்குவாரா? இவர் ஏற்ற, அவர் ஏற்ற, சோணை அண்ணேவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏய், மண்டியில கூட இம்புட்டுப் போட்டியப் பாத்ததில்லப்பா" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இவர் சட்டைப் பையில் இருந்தது நாங்கள் மறுநாள் டவுனுக்குப் போய் வாங்குவதாக இருந்த மின்விசிறிக்கான பணம். அண்ணன் மடியில் இருந்தது மோட்டாரின் எரிந்துபோன காயிலை மாற்றிக் கட்டும் பணம். (அதே மோட்டார்தான். கிணற்றில் விழுந்ததிலிருந்து அது சீக்காளி.) இரண்டும் என் ரோஸ் வால் பிராணிக்காகக் கரைந்துகொண்டிருந்தன.

கடைசியில் அண்ணன் மடியை மொத்தமாக அவிழ்த்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கூட்டம் கை தட்டியது. அத்தோடு விட்டிருந்தால் தேவலை. அண்ணன் அந்தப் பிராணியை ஒரு தாம்பாளத்தை ஏந்துவதுபோல் இரு கையிலும் ஏந்திவந்து, எல்லார் முன்னாலும் என்னிடம் நீட்டி, "என் தங்கச்சி வீட்டுக்குச் சீர்" என்றார்.

இவர் முகம் சிவந்துவிட்டது. என் கையிலிருந்து அதை வாங்கி நேராக மேஜைக்குக் கொண்டுபோனார். "எங்க வீட்டுச் சார்பா இதப் பள்ளிக்கூடத்துக்கே குடுக்கிறோம். மறுபடி ஏலம் விடுங்கண்ணே."

சீரைத் திருப்பிவிட்டார். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு மச்சானுக்கு உண்டா? முதலில் இவரே விலை கேட்டார். அண்ணன் மடியில் காசில்லை, கைக்கடிகாரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்தில் சமயநல்லூர் பஸ் எனக்கில்லை என்று தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, "போதும், நிறுத்துங்க" என்று கத்தினேன். "ரெண்டு பேரையும் நான்தான் கேக்கச் சொன்னேன்."

சோணை அண்ணே என் வார்த்தையைக் கேட்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார். அதுவும் இரண்டு கை.

"அம்மா கேட்டாச்சு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று மேஜையைத் தட்டிவிட்டார்.

இவ்வாறாக, என் மின்விசிறிப் பணத்தைக் கொடுத்து, நானே செய்த பிராணியை நானே ஏலம் எடுத்தேன். அண்ணன் மெதுவாகக் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, உங்ககிட்டயுமா சொன்னா?"

"ஆமா மச்சான். காலையில காப்பி குடுக்கும்போது."

"எங்கிட்ட பின்கட்டுல வச்சு." அண்ணன் பிராணியை உற்றுப் பார்த்தார். "இது நாயா, ஆடா மாப்ள?"

"எனக்கும் தெரியல மச்சான். கேட்டா அழுவாளேன்னு கேக்கல."

கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். என்னைக் கேலி செய்துதான் பேசினார்கள். எனக்கு ஆனந்தத்தில் அழுகை வந்தது. கூட்டம் நான் காசு போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றியது.

அண்ணனிடம் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை. இவர் தன் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வைகைக்கு அக்கரையில்தான் சமயநல்லூர், ஆற்றில் தண்ணீர் இல்லாத காலம். மணலில் சைக்கிளை ஒருவர் உருட்ட, ஒருவர் தள்ள, என் நாயைப் பற்றிச் சிரித்துக்கொண்டே அக்கரை சேர்ந்தார்களாம். மறுவாரம் அண்ணன் சீர் கொண்டுவந்தார். வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் இரண்டு பனையோலை விசிறி. "ஃபேன் வாங்குற வரைக்கும் இது இருக்கட்டும் மாப்ள" என்றார். அந்தக் கோடை முழுக்க அதைத்தான் வீசினோம். பாலர் பள்ளிக்கு ஷீட் போட்டாகிவிட்டது, அதில் பாதி என் பிராணியின் புண்ணியம்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அதில்லாமல் நடந்ததில்லை. என் மகள் காதுகுத்தில், அண்ணன் முந்தின நாளே எங்களிடமிருந்து வாங்கிப்போய் வைத்த தாய்மாமன் சீர்த்தட்டில் அது முதலாவதாக வந்தது. அவள் கல்யாணத்திலும் தேங்காய்க்கும் பட்டுப்புடவைக்கும் நடுவில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, "இது என்னங்க?" என்றார்.

"செஞ்சவங்களக் கேளுங்க" என்று இவரும் அண்ணனும் ஒரே குரலில் சொல்லிவிட்டு என்னைக் கைகாட்டினார்கள்.

"நாய்" என்றேன்.

புது மருமகன் அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றார்.

இந்தப் பையனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன்.