படகு ஜன்னலுக்குச் சூடம் காட்டிய கதை

எந்தப் புதுச் சாமானுக்கும் சூடம் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பிரிட்ஜுக்குக் காட்டியிருக்கிறேன், ரைஸ் குக்கருக்கும் காட்டியிருக்கிறேன். (சிரிக்காதீங்க, ரெண்டும் இன்னும் ஓடுது!)

குண்டசாலையில் நான் பெயர்ப்பலகைக் கடை போட்ட புதிது. திகனையிலிருந்து நௌசர் நானா வந்தார். அங்குள்ள நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்; எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் ‘நானா’தான். படகின் முன் ஜன்னல் உடைந்துவிட்டதாம். கொழும்பெல்லாம் அலைந்து வாங்கிய கண்ணாடி போன்ற தடித்த அக்ரிலிக் தகட்டைத் தந்து, "நாளக்கிக் காலையில சவாரி இரிக்கி தங்கச்சி. இது போனா வேற தகடு இல்ல" என்றார்.

"அதுக்கென்ன நானா, வெட்டித் தர்றேன்!" என்றேன். அதுவரை நான் வெட்டியதெல்லாம் பெயர்ப்பலகைக்கான மெல்லிசுத் தகடுதான். இதுவோ சுண்டுவிரல் தடிப்பு. வேகமாக வெட்டினால் உருகி, வெட்டிய இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். கீறல் விழாதிருக்க மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரிக்காமல் மெல்ல மெல்ல வெட்டினேன். நாலு வகை சாண்ட் பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தொட்டு ஓரங்களைத் தேய்த்தேன். கடைசியில் பற்பசை போட்டுத் துடைத்ததும் பளபளவென்று மின்னியது. பெருமை தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம், கை சும்மா இருந்தால்தானே!

அன்று மாலை நானா எடுக்க வந்ததும் தகட்டை மேசையில் கிடத்தி, காகிதத்தை உரித்தேன். மேல் மூலையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடத்தைக் கொளுத்தினேன். வெற்றிலை இருக்கும்போது சூடு கீழே இறங்குமா என்ன? இறங்கியது. வெற்றிலை சுருண்டு, தகடே பற்றிக்கொண்டது.

"யா அல்லாஹ்! ஜன்னல் எரியுது தங்கச்சி!" என்று கத்திய நானா, தேய்க்க வைத்திருந்த தண்ணீரை வாளியோடு கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. மூலையில் இட்லி அளவுக்குக் கறுத்த கொப்புளம்.

ஓவென்று அழுதேன். அவருடைய சவாரியையே கொளுத்திவிட்டேனே, பாவி! நானா கொப்புளத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். பிறகு, "அழ வாணாம். அந்த எடத்த வட்டமா வெட்டி எடுங்க. காத்து வாறதுக்கு வச்ச ஓட்டைன்டு சொல்லுவம்" என்றார். வெட்டினேன், தேய்த்தேன், ஓட்டைக்கு மூடியும் செய்து மாட்டினேன். மறுநாள் படகு ஓடியது.

அன்றைக்கு அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கடையை மூடியிருப்பேன். திட்டாததோடு, தெரிந்தவர்களையெல்லாம் என்னிடமே அனுப்பினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சியபோது நானா ஒரு பரிசோடு வந்தார். பிரித்தால், பித்தளைச் சூடத்தட்டு. கைப்பிடி மட்டும் ஒரு முழம்!

"ஆசை தீரக் கொளுத்துங்க தங்கச்சி. தூரமா நின்டு கொளுத்துங்க."

இப்போதும் நான் அந்தத் தட்டை எடுத்தால், என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுத்தான் கும்பிடுகிறார்.