எல்லா ஃபோனிலும் என் குரல்

பார்வை இல்லாதவர்கள் அடக்கமானவர்கள், மெல்லப் பேசுவார்கள், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கிளப்பிவிட்டவர் என்னைச் சந்தித்ததில்லை. கல்லூரியில் படிக்கும்போது எனக்குக் கண் போனது. வாய் போகவில்லை.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணி, அம்மாவுக்குச் சுள்ளிக்கல்லில் ஒரு ஹோட்டலில் சமையல். பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து எனக்குப் பார்வை இருந்தபோதே தகராறுதான். (இப்போது ஃபோனிடம் வாயால் சொல்லி இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள், ஃபோனைச் சொல்லுங்கள்.)

விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று ஃபோன் வாய்விட்டுச் சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். அதைக் கலூரில் ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்ட பிறகு, எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கொச்சங்காடியில் ஒரு கமிட்டி, பார்வையற்றவர்களுக்கு ஃபோன் வகுப்பு தொடங்கி என்னை டீச்சராகப் போட்டது. மூன்று வாரம் சோதனை. பிறகு கமிட்டித் தலைவர் வந்து பார்ப்பார். பிடித்தால் வகுப்பு தொடரும், என் வேலையும் தொடரும். பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் பூட்டு.

தலைவர் பஷீர் இக்கா, அதாவது பஷீர் அண்ணன், மசாலா வியாபாரி. அவருடைய பழைய கிடங்கின் மாடியில்தான் வகுப்பு. மாணவர்கள் ஆறு பேர். மூத்தவர் ஜோசப் சேட்டன், சர்க்கரை நோயில் கண்ணை இழந்தவர். இளையவள் ரம்யா, கலூரில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். வீட்டைவிட்டுத் தனியாக வெளியே வராதவள், தலைவர் வரவிருந்த வாரம்தான் முதன்முதலாகக் கைத்தடியோடு தானே பஸ் ஏறி வரத் தொடங்கியிருந்தாள். அவள் அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு, ஓடி வந்துடுறேன்" என்ற நிபந்தனையின் பேரில் விட்டிருந்தாள்.

தலைவர் வருவதற்கு முந்தைய நாள் குரலால் ஃபோனை இயக்கும் பாடம். அதற்கு ஃபோன் முதலில் உரிமையாளரின் குரலைப் பழகிக்கொள்ள வேண்டும். நம் ஆட்களோ கல்யாண வீட்டில் இரண்டாவது முறை பாயசம் கேட்பவர்களைப் போல முனகினார்கள். ஃபோன் "மறுபடி சொல்லுங்கள்" என்றது. மறுபடி முனகினார்கள். எனக்குப் பொறுமை என்பது எப்போதுமே கையிருப்பில் இல்லாத சரக்கு. "இங்க கொடுங்க" என்று எல்லா ஃபோனையும் வாங்கி, என் கணீர்க் குரலில் நானே சொல்லிப் பதிந்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது நடை அல்ல அது, பவனி.

மறுநாள் பஷீர் இக்கா வந்து அமர்ந்தார். நாற்காலி முனகியதை வைத்து ஆள் கனம் என்று புரிந்தது.

"இக்கா, கண்ணில்லாதவங்க இனி யாரையும் நம்பி இருக்க வேண்டாம். பாருங்க" என்று ஆரம்பித்து, என் ஃபோனை உயர்த்திப் பிடித்து, அதை எழுப்பும் சொல்லைச் சொல்லி, "கால் அம்மா" என்றேன்.

என் ஃபோன் அம்மாவை அழைத்தது. ஜோசப் சேட்டனின் ஃபோனும் அழைத்தது. ரம்யாவின் ஃபோனும். மேசை மேல் இருந்த அத்தனை ஃபோனும், முந்தைய நாள் அவற்றுக்கு நான் பழக்கிவிட்ட என் குரலுக்குக் கட்டுப்பட்டு, அவரவர் அம்மாவை அழைத்தன. எல்லாமே ஸ்பீக்கரில்.

"கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க" என்று கத்தினேன்.

"எப்படி டீச்சர்?" என்றாள் ரம்யா.

அப்போதுதான் உறைத்தது. அழைப்பை எடுப்பது வரை நடத்தியிருந்தேன். துண்டிப்பது அடுத்த வாரப் பாடம்.

எதிர்முனையில் இருந்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். பார்வை இல்லாத பிள்ளையிடமிருந்து வேளைகெட்ட வேளையில் அழைப்பு. எடுத்தால் நாற்காலி விழும் சத்தம், நான் அலறும் சத்தம், அத்தனைக்கும் நடுவே "அழைப்பில் இருக்கிறீர்கள்" என்று நிதானமாக அறிவிக்கும் ஃபோன்கள். எந்த அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பாள்?

அடுத்த அரைமணி நேரத்தில் கீழே ஆட்டோக்கள் வந்து நின்றன. மரப்படி அதிர்ந்தது. முதலில் வந்தது என் அம்மா, சாம்பார் வாசனையோடு.

"எடீ முத்து, கண்ணுக்கு எந்தாச்சு?"

"கண்ணுக்கு இனிமே என்னம்மா ஆகணும்?"

பின்னாலேயே ஜோசப் சேட்டனின் மனைவி வந்தார். மகள் வாங்கித் தந்த ஃபோன் அது. அவள் தன் அம்மா எண்ணை 'அம்மா' என்றே போட்டுக் கொடுத்திருக்கிறாள். "வீட்ல இருந்தா என்னை ஒரு வார்த்தை கூப்பிடாத மனுஷன், இங்க வந்து கூப்பிடறாரு. நான் பேடிச்சுப் போயி, பயந்தே போயிட்டேன்" என்று அழுதார். (மலையாளத்தில்தான் அழுதார். பாதி நான் தமிழாக்கியிருக்கிறேன்.)

"எந்தா மோளே இது?" என்றார் பஷீர் இக்கா. (என்ன மகளே இது என்று அர்த்தம்.) கோபமா இல்லையா என்று குரலில் பிடிபடவில்லை. என் வேலை கிடங்குப் படியிறங்கிப் போவது மட்டும் எனக்குக் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் ரம்யாவின் ஃபோன் அடித்தது. எடுத்தாள். ஸ்பீக்கரில் அவளுடைய அம்மா.

"ரம்யா, ஆட்டோக்காரன் எங்கயோ எறக்கிவிட்டுட்டான். எல்லாக் கிடங்கும் ஒரே மாதிரி இருக்கு. நீ எங்கடி இருக்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அங்க என்ன வாசனை அடிக்குது?"

"இப்ப வாசனை ரொம்ப முக்கியமா?"

"சொல்லும்மா."

"சுக்கு."

"அப்ப எங்களத் தாண்டிப் போயிட்ட. திரும்பி வா. மரம் அறுக்கற சத்தம் கேக்கும். அதுக்கு நேர் எதிர்ல படி. மூணாவது படி ஆடும், பாத்து ஏறு."

வந்துவிட்டாள். மூச்சிரைக்க மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "போதும், வீட்டுக்கு வா" என்று கையைப் பிடித்தாள்.

ரம்யா அசையவில்லை. "கிளாஸ் முடியல. நீ ஆட்டோல போ, நான் பஸ்ல வர்றேன்."

அந்த அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சற்றுக் கழித்து, சன்னமாக, "போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. எனக்கு இங்கேர்ந்து பஸ் தெரியாது" என்றாள். அதுவரை முட்டிக்கொண்டிருந்த அழுகை எனக்கு அங்கேதான் உடைந்தது. வெட்கமே இல்லாமல் அழுதேன்.

பஷீர் இக்கா எழுந்தார். "கண்ணு தெரியற நான் வழி சொன்னா ஆட்டோக்காரன் கொச்சி முழுக்கச் சுத்திட்டு வர்றான்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "கிளாஸ் நடக்கட்டும். ஆனா மோளே, இனி முதல் பாடம் போனை வைக்கிறது" என்றார்.

இன்றுவரை என் முதல் பாடம் அதுதான். ரம்யா இப்போது என் உதவி டீச்சர். குரலைப் பதியும் நாளில் மட்டும் அவள் என்னை அறைக்குள் விடுவதில்லை.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. குளியலறையிலிருந்து துண்டு வேண்டும் என்று "அம்மா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அடுப்படியிலிருந்து பதில் வரும்:

"நான் மட்டும் வந்தா போதுமாடி, எல்லாரையும் கூட்டிட்டு வரணுமா?"