மதகுப் பூட்டும் தேவாங்கின் பணிப்பயிற்சியும்

ஒரு காட்டில், பெரிய ஏரியின் மதகுக்குக் கணினிப் பூட்டு மாட்டப்பட்டிருந்தது. இணையப் பாதுகாப்புத் துறையினர் அனைவரும் நாள்தோறும் மாறும் தத்தம் கடவுச்சொல்லை ஒரே நாளில் இட்டாலன்றி அம்மதகு திறவாது. துறையில் இருந்தவையோ செந்நாய்கள் மட்டுமே. ஒன்று ஊளையிட்டால் எல்லாம் ஊளையிடும். ஒன்று முகர்ந்ததை எல்லாம் முகரும். இதற்கு அவை 'கட்டுக்கோப்பு' என்று பெயரிட்டிருந்தன.

ஏரிக்குக் கீழே வெள்ளரி பயிரிட்டிருந்த நரி இக்கட்டுக்கோப்பை நன்கு அறிந்திருந்தது. "மான் தொடை இலவசம். பெற்றுக்கொள்ளக் கடவுச்சொல்லை இடுக" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் விடுத்தது. செந்நாய்த் தலைவர் உக்கிரசேனர் இட்டார். அவர் இட்டதைக் கண்டு மற்றவையும் இட்டன. மதகு திறந்தது. வெள்ளரி செழித்தது. ஏரியில் சேறு தெரிந்தது.

சிங்க அரசர் சினந்தார். "இனிப் பிற இனத்தாருக்கும் பயிற்சி அளித்து, ஒரு பருவம் உங்களோடு வேலை செய்ய வையுங்கள். தேறுவோருக்குப் பணி நிரந்தரம். குடியிருக்க அத்திமரத்தில் ஒரு கிளை."

முதலில் வந்தவள் கண்ணாட்டி என்னும் தேவாங்கு. ஏரி வற்றியதில் அவளது மரம் பட்டுப்போயிருந்தது. ஆகவே அந்த அத்திக்கிளையன்றி அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"அம்மா, உமக்கு ஊளையிட வருமா?" என்று வினவினார் உக்கிரசேனர்.

"வராது, ஐயா."

"திருடன் வந்தால் என்ன செய்வீர்?"

"உற்றுப் பார்ப்பேன்."

"கூச்சப்பட்டே ஓடிவிடுவான் போலும். உமது கை விசைப்பலகையைச் சென்றடையுமுன் கார்காலம் பிறந்துவிடுமே."

ஒரு செந்நாய் சிரித்தது. ஆகவே எல்லாம் சிரித்தன. குழுப் புகைப்படத்தில் கண்ணாட்டியை நடுவில் நிறுத்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் மூலையில் அமர்த்தினார்கள்.

ஏரி மீண்டும் நிறைந்தது. மான் தொடையும் மீண்டும் வந்தது. செந்நாய்கள் அனைத்தும் கடவுச்சொல்லை இட்டன. கண்ணாட்டி அம்மடலை உற்றுப் பார்த்தாள். "இறைச்சி எனக்கு ஒவ்வாது" என்று அழித்துவிட்டாள். மதகு அசையவில்லை.

"நாங்கள் உம்மைச் சோதித்தோம்" என்றார் உக்கிரசேனர், மீசையை நக்கியபடி.

நரி சிந்தித்தது. அடுத்த மடல் வந்தது: "பொரித்த ஈசல், ஒரு படி."

மெதுவாய் நகர்வதற்கே பேர்போன கண்ணாட்டியின் கை, செந்நாய்கள் மடலைப் படித்து முடிக்குமுன் கடவுச்சொல்லை இட்டுவிட்டது. செந்நாய்கள் "ஈசலா, சீ" என்று முகம் சுளித்தன. அப்போதும் மதகு அசையவில்லை.

உக்கிரசேனர் அவளை அரசவைக்கு இழுத்துச் சென்றார். "ஈசலுக்கு ஏமாந்தவளுக்கு அத்திக்கிளை எதற்கு, அரசே?"

"பிழையை மறுக்கவில்லை" என்றாள் கண்ணாட்டி. "பொரித்தது என்று எழுதியிருந்தது. ஆனால் இவர்கள் ஏமாந்தபோது நான் ஏமாறவில்லை. நான் ஏமாந்தபோது இவர்கள் ஏமாறவில்லை."

செந்நாய்கள் ஒருசேரத் தரையை நோக்கின. அரசர் ஏரியை நோக்கினார். அது நிரம்பித் தளும்பியது.

"எனக்கு வேண்டியது அறிவாளி அன்று, தண்ணீர்" என்றார் அரசர். "இவளது பணி நிரந்தரம். ஆளெடுப்பும் இனி இவள் பொறுப்பு."

அத்திக்கிளையில் அமர்ந்த கண்ணாட்டி, வந்தவர்களிடம் ஒரே வினாவைத்தான் கேட்டாள்: "எதற்கு மயங்குவீர்?" தேனுக்குக் கரடி சேர்ந்தது, வாழைப்பழத்துக்கு மந்தி சேர்ந்தது. இரண்டாவதாக வந்த கரடியை, "தேன் இடம் நிரம்பிவிட்டது, அண்ணா" என்று திருப்பி அனுப்பினாள்.

அனைவரையும் ஒருங்கே மயக்கும் பண்டம் எதுவென்று எண்ணி எண்ணி நரி இளைத்தது. அதன் வெள்ளரியும் வாடியது. இறுதியில் அதுவும் பயிற்சிக்கு வந்து நின்றது.

"முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டாள் கண்ணாட்டி.

"அந்த மடல்களை எழுதியதே நான்தான், அம்மா."

"ஈசல் மடல் நன்றாக இருந்தது. எதற்கு மயங்குவீர்?"

"வெள்ளரிக்கு."

"வெள்ளரி இடம் காலியாகத்தான் இருக்கிறது" என்று அவள் பணியாணையில் குத்தும் முத்திரையை நோக்கிக் கையை நீட்டினாள். அக்கை சென்று சேர்வதற்குள் நரி நாற்காலியில் அமர்ந்து உறங்கிப்போயிருந்தது.

இதனால் பெறப்படும் நீதி: எல்லாரும் ஒரே தூண்டிலில் சிக்குவது பேதைமை, ஆளுக்கொரு தூண்டிலில் சிக்குவதே பாதுகாப்பு.