மலைக்கல்லை வென்ற உருளைக்கிழங்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் சான் ஹோசே நகரத்து ஹால் வாசலில் கார் நிறுத்த இடமில்லை. தள்ளுபடி விற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். மாஸ்டர் பத்ரி வந்திருந்தார்! சீனாவில் தாவோ துறவிகள் தவமிருந்த புனித மலையிலிருந்து கல் கொண்டுவந்திருந்தார். கல்லைத் தொட்டால் கிரீன் கார்டு வரும், லேஆஃபில் வேலை போகாது, சர்க்கரை இறங்கும். கம்ப்யூட்டருக்கே மூளை வைக்கிறவர்கள், தங்கள் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

வான்மதியும் நின்றாள், பயத்தோடு. அவள் கணவன் திருமூர்த்தி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, மாஸ்டர் பாட்டிலில் விற்ற, கல் ஊறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தான். காலையில் ஃப்ரீவேயில் ஓட்டும்போது கண் இருட்டியது. "கல் வேலை பண்ணுது மதி!" என்று பூரித்தான்.

மேடையில் மாஸ்டர் ஒருவரின் நீட்டிய கையை அமுக்கினார். சரிந்தது. மறு கையில் கல்லைக் கொடுத்து அமுக்கினார். நின்றது! கைதட்டல்.

"மாஸ்டர், அந்த மலை பாதுகாக்கப்பட்ட பூங்காவாச்சே? ஒரு கல்லைக்கூட எடுக்க விட மாட்டாங்களே?" என்றாள் வான்மதி.

"நான் எடுக்கலம்மா. மலையே கொடுத்துச்சு."

"அப்ப ஒரு டெஸ்ட் பண்ணலாமா?"

'முடியாது' என்றால் கூட்டம் கலையுமே! மாஸ்டர் சிரித்தபடி தலையாட்டினார்.

விழா நடத்திய கௌசிக் கல்லைச் சமையலறைக்குள் கொண்டுபோனார். அதை ஒரு துண்டிலும், போண்டாவுக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கை இன்னொரு துண்டிலும் சுற்றிக் கொண்டுவந்தார். எதில் எது என்று மாஸ்டருக்கும் தெரியாது, மேடையேறிக் கை நீட்டிய திருமூர்த்திக்கும் தெரியாது.

முதல் மூட்டை. கை தொங்கியது. இரண்டாவது. கை இரும்பாய் நின்றது!

"பார்த்தீங்களா, மலையோட சக்தி!" என்று முழங்கினார் மாஸ்டர்.

கௌசிக் பிரித்தார். உருளைக்கிழங்கு!

"இன்னொரு தடவை!" என்றார் மாஸ்டர். மறுபடியும் கிழங்குதான் ஜெயித்தது.

"கல்லுன்னு தெரிஞ்சா மெதுவா அமுக்குறார். தெரியலன்னா குத்துமதிப்பு. சக்தி அவர் விரல்லதான் இருக்கு" என்றாள் வான்மதி.

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. "இங்க வைப்ரேஷன் சரியில்ல" என்று முனகிக்கொண்டே மாஸ்டர் பின்வாசல் வழியே மறைந்தார்.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தான். "மதி, மாத்திரை வெச்சிருக்கியா?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் வரிசையில் நின்றிருந்த சேனாபதி அங்கிள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏம்மா, அந்த உருளைக்கிழங்கு எந்தக் கடையில வாங்கினது? ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கே!"

"கிழங்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும் அங்கிள். யோசிக்கிறதுக்கு மட்டும்தான் கடை கிடையாது, அதை நாமளே பண்ணணும்."