அலுமாரிப் பறந்தலையில் பேஸ் கிற்றார் வென்ற காதை

வாழி பாக்கியரத்தினம்! வாழி அவன் இறங்குதுறை! பதினேழு வருடம் சீமெந்து மூட்டை சுமந்து வலப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்துபோன தோளையுடையவனும், இடத்தோளில் நாலு தந்திச் செம்மேனிப் பேஸ் கிற்றாரைத் தொங்கவிட்டால் மட்டும் நேராக நிற்பவனும், மேடையின் பின்வரிசையில் டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த இரண்டடி நிலத்தைப் பதினொரு ஆண்டு குடைநிழலின்றி ஆண்டவனுமாகிய அவ்வீரனின் புகழைப் பாடப் புகுகின்றோம். கோணமலைப் பாறையில் மோதி மோதி அலுக்காத கடலே, சத்தத்தைக் கொஞ்சம் குறை. அவன் வாசிப்பது ஏற்கெனவே ஒருவருக்கும் கேட்பதில்லை.

அதுவே அவன் துயரம். பாடுகிறவனைச் சனம் கேட்கும், கட்டை அமுக்கி வாசிக்கும் ஓகனைக் கேட்கும், மைக் கூவுவதையும் கேட்கும். ஆழ்கடல் போல அடியில் கிடந்து பாட்டு முழுவதையும் தாங்குகின்ற பேஸ் கிற்றாரை மட்டும் கேட்காது. சனம் கிடக்கட்டும். தேங்காய் துருவுவதில் நிகரற்றவளும், வெடிச்சத்தம் எழுந்தால் அது எந்தத் திக்கு, எவ்வளவு தூரம் என்று உலைமூடியைத் தூக்கும் முன் சொல்லிவிடும் கூர்ஞ்செவியாளுமாகிய அவன் இல்லத்தரசி புஷ்பவதியே ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் கேட்பாள்:

"இஞ்சருங்கோ, அதில உங்கட சத்தம் எது?"

அவன் வாயால் "தும், தும்" என்று காட்டுவான்.

"அது டிரம் எல்லோ?" என்பாள்.

வேல் தைத்த புண் ஆறும், இது ஆறவில்லை. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, இவள் தன் காதால் என்னைக் கேட்கவேண்டும் என்று அவன் நெஞ்சுக்குள் சபதம் எடுத்திருந்தான்.

சபதம் நிறைவேறும் நாளும் குறிக்கப்பட்டது. இசைக்கோஷ்டித் தலைவர் அருளம்பலத்தின் மகளுக்கு ஞாயிறு பகல் கலியாணம். ஜெனரேற்றர் வருகிறது, ஆள் உயரச் சவுண்ட் பொக்ஸ் வருகிறது, புஷ்பவதிக்கு முன்வரிசைக் கதிரை. ஆனால் அந்தப் பெட்டியில் பேஸ் கிற்றாருக்கென்று இருந்த ஓட்டை ஒன்று. அதற்கு உரிமை கோரி நின்ற கிற்றார்களோ இரண்டு.

மற்றது, அதே கோஷ்டிக்கு அக்கரையிலிருந்து வந்து வாசிக்கும் கிண்ணியா அபூதாஹிருடையது. கருமேனி, ஐந்து தந்தி, மச்சான்காரன் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. பாக்கியரத்தினத்தின் செம்மேனியோ, சீமெந்துக் கப்பலில் வந்த பிலிப்பைன் மாலுமி ஒருவன் ஒரு பொதி கருவாட்டை வாங்கிக்கொண்டு கண்ணீரோடு விட்டுப்போனது. ஐந்து வருடமாக இவ்விரு வேந்தரும் அன்ஸாரின் ரேடியோத் திருத்தக் கடையில் கூடி, கழுத்தை நூல் பிடித்து அளந்தும், உடலை அரிசித் தராசில் நிறுத்தும், தந்தியின் பருமனை நகத்தால் தடவியும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஒருநாளும் ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

"பாக்கியண்ண, உங்கட கிற்றாருக்கு ஒரு விரல் குறையுது" என்பான் அபூதாஹிர்.

"நாலை ஒழுங்கா வாசிக்க ஏலாதவனுக்குத்தான் அஞ்சாவது தேவை" என்பான் இவன்.

அன்ஸார் நடுவர். அவர் ஈயம் ஊற்றியபடி இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

இம்முறை அளவை உதவாது, வாசித்துப் பார்த்தே தீர்க்கவேண்டும் என்று அருளம்பலம் கட்டளையிட்டார். அங்கேதான் வினை. எங்கேயோ மின்கம்பங்கள் சாய்ந்து நகரில் கரண்ட் போய் அன்று ஒன்பதாம் நாள். கரண்ட் இல்லாத பேஸ் கிற்றார் நாணறுந்த வில். காதோரம் ரீங்கரிக்கும் நுளம்பு அதைவிடப் பலமாகக் கதைக்கும்.

இருளில் ஒளிபோல உபாயம் வந்தது. அதுவும் சோதனைச் சாவடியில் வந்தது. சனிக்கிழமை காலை, கிண்ணியாத் துறையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி இக்கரை வந்த அபூதாஹிரைக் காவற்காரன் மறித்து, நீண்ட கறுப்பு உறையைத் திறக்கச் சொன்னான்.

"இது என்ன?"

"கிற்றார், ஐயா."

"அடி."

அடித்தான். சத்தமில்லை. காவற்காரன் துவக்கை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். உயிர் ஊசலாடிய அக்கணத்தில், அபூதாஹிரின் கையிலிருந்த கருமேனி சரிந்து, பக்கத்திலிருந்த வெறும் தார்ப் பீப்பாயில் தன் தலையை முட்டியது. முட்டியபடியே அவன் மறுபடி தட்ட, பீப்பாய் மழைக்காலத்து மாடு போல உறுமியது. காவற்காரன் சிரித்தான். கூட்டாளிமார் இருவரைக் கூப்பிட்டு இன்னும் மூன்று தரம் அடிப்பித்தான். பிறகு போகவிட்டான். கிற்றாரின் தலையை வெறும்பொருள் ஒன்றில் அழுத்தினால் அந்தப் பொருளே சவுண்ட் பொக்ஸ் ஆகும் என்ற பேருண்மை இவ்வாறே நம் துறைமுகத்தை அடைந்தது.

போர்க்களம் எது? பாக்கியரத்தினத்தின் அறையில், புஷ்பவதியின் சீதனமாக வந்து, இரண்டு இடப்பெயர்வையும் ஒரு புயலையும் கண்டும் கதவு கோணாத தேக்கு அலுமாரி! அதன் உச்சியில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைக்கப்பட்டது. எவன் தந்தி நீரில் அதிகம் வளையம் எழுப்புகிறதோ, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு. விருந்தாளி முந்த வேண்டும் என்பது அறம்.

அபூதாஹிர் பிஸ்மி சொல்லிக் கருமேனியின் தலையை அலுமாரிக் கதவில் ஊன்றி, ஐந்தாம் தந்தியைப் பெருவிரலால் இழுத்து விட்டான். அலுமாரி தூக்கத்தில் புரண்டதுபோல முனகியது. கதிரையில் ஏறி நின்ற அன்ஸார் முழங்கினார்:

"மூண்டு வளையம்! மூண்டே மூண்டு!"

பாக்கியரத்தினம் அலுமாரியை நிமிர்ந்து பார்த்தான். சுமந்த மூட்டையெல்லாம் அவனுக்குப் பாடம் சொல்லிற்று. நிறைந்த கப்பலறையில் கத்தினாலும் சத்தம் எழாது. இறக்கி முடித்த அறையில் இருமினால் இடி. துறைமுகத்தில் வேலை செய்தவன் எவனுக்கும் இது தெரியும். அலுமாரியோ வாய்வரை நிறைந்த கப்பல்.

"தேத்தண்ணி ஆறுது, விறாந்தையில இருந்து குடிச்சிட்டு வாங்கோ" என்றான் தேன்மொழியான்.

அவர்கள் குடித்த நேரத்தில், இருபத்திரண்டு சேலைகளையும், அடியில் துயின்ற கூறையையும், போர்வைகளையும், இன்னதென்று தெரியாத பொட்டலங்களையும், பளுதூக்கியும் இல்லாமல், கூட ஒரு ஆளும் இல்லாமல், நாலே நடையில் கட்டிலுக்கு இறக்கி, பழைய பாயால் மூடி, வியர்வையைத் துடைத்து, ஒன்றுமறியாதவனாய் நின்றான். அன்ஸார் வந்து கதிரையில் ஏறினார். செம்மேனியின் தலை அலுமாரியில் பதிந்தது. தடித்த தந்தி இழுபட்டது. விடுபட்டது.

தொம்ம்ம்ம்!

சுவர் கேட்டது. கூரைத்தகடு கேட்டது. கிளாஸ் குதித்து விழுந்து உடைந்தது. குசினியில் துருவுபலகை கவிழ்ந்தது.

"செல் அடிக்கிறாங்கள்! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

எறிகணை என்று அலறிய புஷ்பவதியின் அந்தக் குரலுக்கு ஒழுங்கை முழுவதும் கீழ்ப்படிந்தது. அடுப்பு அணைந்தது, ஆடு அவிழ்ந்தது, அயலெல்லாம் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் பாய்ந்தது. நடுவர் அன்ஸார் கதிரையிலிருந்து நேரே கட்டிலின் கீழ் இறங்க, அபூதாஹிர் அவர் மேல் இறங்கினான். நின்றவன் ஒருவனே. எல்லாம் தன் கைவேலை என்று உணர்ந்த பூரிப்பில், செய்யத்தகாததைச் செய்தான்: இன்னும் இரண்டு தரம் அடித்தான்.

பக்கத்து வீட்டுப் பங்கருக்குள்ளிருந்து அயலவர் தம்பிராசாவின் குரல் சாத்திரம் சொல்வதுபோல எழுந்தது:

"மூண்டு விழுந்திட்டுது. இது சீனன்குடாப் பக்கத்து ஆட்டிலறி. எனக்குத் தெரியாத சத்தமோ!"

இவ்வேளையில் கட்டிலின் பாய் சரிந்து, கூறைச்சேலை அபூதாஹிரின் தலைமேல் பட்டாபிடேகம் போல விழுந்தது. அவன் அதை விலக்கினான், அதிர்ச்சியில் திறந்துகொண்ட வெறும் அலுமாரியைப் பார்த்தான், எல்லாம் விளங்கிற்று.

"கள்ளம்! எண்ட முறைக்குச் சீலை உள்ளுக்கு இருந்தது!"

கட்டிலின் கீழிருந்தபடியே அன்ஸார் தீர்ப்பளித்தார்:

"சீலையை எடுத்தது கள்ளம்தான். ஆனா ஒரு ஒழுங்கையே பங்கருக்குள்ள போனது கள்ளமில்லையே, தம்பி. அதை ஆர் இல்லையெண்டு சொல்ல ஏலும்? ஞாயிறு பாக்கியத்துக்கு. அடுத்த கலியாணம் உனக்கு. இப்ப என்ர வயித்தில இருந்து இறங்கு."

அபூதாஹிர் இறங்கினான். சிரிப்பு வந்துவிட்டதால் மேற்கொண்டு கோபிக்க முடியவில்லை.

வாகை சூடிய வீரன் குசினி வாசலுக்கு ஓடினான். "கேட்டதோ? அது நான்! நான் அடிச்சது!"

நிலத்தில் படுத்தபடி புஷ்பவதி தலையைத் தூக்கினாள். "விசர்க்கதை கதையாதேங்கோ. பதினொரு வருசமாக் கேக்காதது இண்டைக்கு எங்கால கேக்கிறது? படுங்கோ முதல்." பிறகு எழும்பி வந்து கட்டிலைக் கண்டாள். அதன்பின் அவள் ஓங்கிய தும்புத்தடித் துடைப்பம் பேசியதை இக்காவியம் பாடாது.

ஞாயிறு வந்தது. ஜெனரேற்றர் சிங்கம்போல இருமிற்று. மணமக்கள் எழுந்தருள, நாதசுரம் ஓய, கோஷ்டி எழுந்தது. முன்வரிசையில், இருபத்திரண்டில் சுருக்கம் குறைந்த ஒன்றை உடுத்து, முகத்தை ஒருபக்கம் திருப்பியபடி புஷ்பவதி வீற்றிருந்தாள். பாட்டுக்காரன் பாடினான், ஓகன் குழைந்தது, மூன்று பாட்டுக் கடந்தும் அவள் திரும்பவில்லை. நாலாம் பாட்டின் நடுவே, ஓகனும் டிரம்மும் மூச்சுவிட ஒதுங்கிய சின்னஞ்சிறு இடைவெளியில், சீமெந்து தின்ற பெருவிரல்கொண்டு, பதினொரு ஆண்டின் மௌனத்தையும், நாலு நடையில் இறக்கிய சேலைகளையும், ஏவாத பீரங்கிகளின் பழியையும் ஒன்றாகத் திரட்டி, நம் வீரன் தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை இழுத்து விட்டான்.

புஷ்பவதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழும்பினாள். பங்கர் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். எவரும் ஓடவில்லை. மெல்ல மேடையைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள், டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த தந்தியையும், அதன் மேலிருந்த விரலையும், அந்த விரலுக்குரியவன் முகத்தையும் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். திசைகள் எட்டும் வாழ்த்தொலி முழங்க, கோணமலைக் கடல் அலையடக்கிச் செவிசாய்க்க, மூவுலகும் அவள் திருவாய் மலரும் ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றது.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிக்கொண்டு, "உங்கட சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.